கையில் ஒரு புதிய கண்டுபிடிப்பு: அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஸ்பைரல் பைண்டிங் செய்த 64 பக்கங்கள். காப்பியைக்கூடத் தொடாமல், "சார், கொலாட்ஸ் கணக்கை முடித்துவிட்டேன். இதை எங்கே கொடுப்பது?" என்று கேட்டார். கொலாட்ஸ் என்பது கணிதத்தில் இன்னும் யாரும் நிரூபிக்காத ஓர் ஊகம்.

முப்பது வருடம் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்ததால், இப்படி வருடத்துக்கு ஏழெட்டுப் பேராவது வருகிறார்கள். பகா எண்களுக்கு ஒரு சூத்திரம், ஈர்ப்பு விசைக்கு ஒரு புது விளக்கம், சர்க்கரை நோய்க்கு ஒரு காரணம். கேள்வி மட்டும் மாறுவதில்லை. எங்கே கொடுப்பது? அதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. அவற்றைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பெரும்பாலும் பணத்தையோ நம்பிக்கையையோ இழந்து திரும்புகிறார்கள்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நல்ல ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினால், அதன் ஆசிரியர் அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேரிடம் அதைப் படிக்கக் கொடுப்பார். அவர்கள் சம்பளம் வாங்காமல் படித்து, ஓட்டைகளைச் சுட்டிக்காட்டுவார்கள். இதுதான் சக மதிப்பாய்வு. மாதக்கணக்கில் இழுக்கும், கணிதத்தில் வருடக்கணக்கிலும் இழுக்கும். பெரியவர்களுக்கும் இது பிடித்ததில்லை. 1936-ல் ஐன்ஸ்டைன் அனுப்பிய ஈர்ப்பலைக் கட்டுரையை அமெரிக்காவின் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழ் வெளியாள் ஒருவரிடம் காட்டிவிட்டது. ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், அந்த வெளியாள் கண்டுபிடித்த பிழை உண்மையான பிழை. பிறகு திருத்திய வடிவம்தான் வேறோர் இதழில் வந்தது.

மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரையைப் பொதுவில் வைப்பதை முன்பதிப்பு என்கிறோம். துறையில் இருப்பவர்கள் 'ப்ரீபிரிண்ட்' என்றே சொல்வார்கள். அது ஒன்றும் தாழ்வான காரியம் இல்லை. இயற்பியலிலும் கணிதத்திலும் இன்று அநேகமாக எல்லாரும் செய்வதுதான்.

ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

வங்கிக்காரரிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான்: "64 பக்கத்தை ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். 'இது இப்படி இருந்தால் அது அப்படித்தான் இருக்கும்' என்ற வடிவத்தில்." அவர் பத்து நிமிடம் பேசினார். வாக்கியம் வரவில்லை. எண்களின் இயல்பு, சமநிலை, ஆற்றல் என்று சுற்றிவந்தார்.

வாக்கியம் வரவில்லை என்றால் கட்டுரை இன்னும் பிறக்கவில்லை. உங்கள் வாக்கியத்தில் ஒரு எண்ணோ, ஒரு அளவோ, ஒரு நிபந்தனையோ இருக்க வேண்டும். அது தவறாக இருந்தால் எதைப் பார்த்து அதைத் தவறு என்று சொல்லலாம் என்பதும் அதிலிருந்தே தெரிய வேண்டும். "ஐன்ஸ்டைன் தவறு" என்று வருபவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு எண். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளில் இருக்கும் கடிகாரம் தரையில் இருப்பதைவிட நாள் ஒன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடுகிறது. சார்பியல் அந்த எண்ணைக் கொடுக்கிறது. உங்கள் கொள்கை எந்த எண்ணைக் கொடுக்கிறது? இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர் இதுவரை ஒருவர்தான். அவருக்கு எண் தவறாக வந்தது. ஆனாலும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஏற்கெனவே முடிந்த வழக்கா என்று பாருங்கள்

அளவுக் குறிகள் இல்லாத அளவுகோலும் காம்பஸும் மட்டும் வைத்துக்கொண்டு, எந்தக் கோணம் கொடுத்தாலும் மூன்று சம பாகமாகப் பிரிக்கும் பொதுவான வழி கிடையாது என்பதை 1837-ல் வான்ட்ஸெல் நிரூபித்துவிட்டார். வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை அதே கருவிகளால் வரைய முடியாது என்பது 1882-ல் லிண்டெமான் நிரூபித்த முடிவிலிருந்து வருகிறது. இந்த நிரூபணங்கள் வருவதற்கு முன்பே, 1775-ல், பாரிஸ் அறிவியல் கழகம் கைவிரித்துவிட்டது: கோணத்தை மூன்றாகப் பிரித்தல், வட்டத்தைச் சதுரமாக்கல், கனசதுரத்தை இரட்டித்தல், நிற்காமல் ஓடும் இயந்திரம் ஆகியவற்றைப் பற்றி யார் எழுதி அனுப்பினாலும் இனிப் பார்ப்பதில்லை என்று. இரண்டரை நூற்றாண்டு கழித்தும் எனக்கு அந்த நான்கில் ஏதாவது ஒன்று வந்துகொண்டுதான் இருக்கிறது.

முடியாது என்று முடிந்த வழக்கு ஒரு வகை. முடியும் என்று யாரோ எப்போதோ செய்துவிட்டது இன்னொரு வகை. இரண்டாவதைத் தேடுவது எளிது, அதுவும் எண்களாக இருந்தால் மிக எளிது. வங்கிக்காரரின் 64 பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. கொலாட்ஸ் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: எண் இரட்டை என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு, திரும்பத் திரும்பச் செய். எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் ஒன்றுக்கு வந்துவிடும் என்பது ஊகம். 1937-ல் லோதர் கொலாட்ஸ் கேட்ட கேள்வி என்பார்கள். மிகப் பெரிய எண்கள்வரை, அதாவது 2-இன் 68-ஆம் அடுக்கையும் தாண்டிக் கணினியில் சோதித்தாகிவிட்டது, நிரூபணம் இல்லை. வங்கிக்காரர் சரியாக இத்தனை படியில் ஒன்றை எட்டும் எண்கள் எத்தனை என்று கணக்கிட்டு வைத்திருந்தார்: 1, 1, 1, 1, 1, 2, 2, 4, 4, 6...

'முழுவெண் தொடர்களின் இணையக் கலைக்களஞ்சியம்' என்று ஒன்று இருக்கிறது. நீல் ஸ்லோன் 1964-ல் மாணவராக இருந்தபோது சேகரிக்க ஆரம்பித்தது. இன்று மூன்றரை லட்சம் தொடர்களுக்கு மேல் அதில் இருக்கின்றன. வங்கிக்காரரின் பத்து எண்களையும் அங்கே இட்டேன். கண் இமைப்பதற்குள் தொடர் வந்து நின்றது, மேற்கொண்டு எண்களோடும் குறிப்புகளோடும். அவர் முகம் வாடியது. நான் அதை வேறு மாதிரி பார்த்தேன்: தனியாக உட்கார்ந்து போட்ட கணக்கு பத்து உறுப்பும் பிசகாமல் சரி.

சொற்களாக இருக்கும் கருத்தைத் தேடுவதற்கு 'கூகுள் ஸ்காலர்' போதும் தொடங்க. துறையினர் பயன்படுத்தும் சொல் என்ன என்று தெரியாமல் நீங்கள் வைத்த பெயரிலேயே தேடினால் ஒன்றும் கிடைக்காது. கிடைக்காததைப் பார்த்து 'யாருமே யோசிக்கவில்லை' என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஒரு பாடநூலின் பொருளடக்கத்தைப் புரட்டி, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்து மீண்டும் தேடுங்கள்.

உங்கள் நிரூபணத்தை நீங்களே உடைத்துப் பாருங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன், ஏனென்றால் இதைச் செய்பவர்கள் குறைவு.

கொலாட்ஸ் விதியில் ஒரே ஒரு குறியை மாற்றுங்கள். ஒற்றை எண் வந்தால் மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுவதற்குப் பதில் கழியுங்கள். இப்போது 5-ல் தொடங்குங்கள்: 5, 14, 7, 20, 10, மறுபடியும் 5. செக்கு மாடு மாதிரி சுற்றுகிறது. ஒன்றுக்கு வரவே வராது. ஆகவே 'எல்லா எண்ணும் ஒன்றுக்கு வரும்' என்பது இந்த மாறிய விதிக்குப் பொய். இப்போது உங்கள் 64 பக்கத்தை எடுத்து, கூட்டல் இருக்கும் இடமெல்லாம் கழித்தலைப் போட்டுப் படியுங்கள். ஒவ்வொரு வரியும் அப்படியே செல்லுபடியாகிறதா? ஆகிறது என்றால் உங்கள் நிரூபணம் பொய்யான ஒன்றையும் நிரூபித்துவிட்டது. எங்கோ ஓட்டை இருக்கிறது.

வங்கிக்காரரும் நானும் சாப்பாட்டு மேசையில் அதைச் செய்தோம். பதினேழாம் பக்கத்தில், "சராசரியாக எண் குறைந்துகொண்டே போவதால் எல்லா எண்ணும் குறையும்" என்ற வரி. அது கழித்தல் விதிக்கும் அப்படியே பொருந்தியது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்போது மீதி நாற்பத்தேழு பக்கம்?" என்றார்.

ஒவ்வொரு துறையிலும் இப்படி ஒரு கழித்தல் விதி இருக்கும். மருந்துக் கருத்து என்றால், மருந்தே கொடுக்காத ஆட்களிடமும் அதே முன்னேற்றம் தெரிகிறதா என்று பாருங்கள். புள்ளிவிவரத்தில் ஒரு ஒழுங்கைக் கண்டீர்கள் என்றால், அதே எண்களைச் சீட்டுக்கட்டுபோல் கலைத்துவிட்டுப் பாருங்கள். ஒழுங்கு அப்போதும் தெரிந்தால் அது உங்கள் கண்ணில் இருக்கிறது.

உரையாடும் செயற்கை நுண்ணறிவிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு இப்போது பலர் வருகிறார்கள். 'மிகச் சிறப்பான கருத்து' என்று அது எழுதிய பதிலையும் அச்செடுத்து இணைத்திருக்கிறார்கள். அதைக் கருத்தில் குறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கே உடைகிறது என்று கேளுங்கள். பாராட்டுப் பத்திரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சுருக்குங்கள்

உடைத்துப் பார்த்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் சொத்து. 64 பக்கத்தில் நான்கு பக்கம் மிஞ்சினால் நான்கு பக்கத்தை மட்டும் எழுதுங்கள். சுருக்கம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். எழுத்துருவை நான்கு வண்ணத்தில் மாற்றுவது, முழு வரியையும் கொட்டை எழுத்தில் போடுவது, வரலாற்று அநீதி பற்றி முன்னுரை எழுதுவது எல்லாம் வேண்டாம். கணிதமும் இயற்பியலும் என்றால் லேடெக் கற்றுக்கொள்ளுங்கள். கணிதக் குறிகளை ஒழுங்காக அச்சுக்கோக்கும் இலவச மென்பொருள்; ஒரு வாரத்தில் கை பழகிவிடும். லேடெக்கில் எழுதாத கணிதக் கட்டுரையைப் பார்த்தவுடனேயே சிலர் மூடிவிடுகிறார்கள். நியாயமில்லைதான், ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

காசாகக்கூடிய கருத்து என்றால் இங்கே நில்லுங்கள்

கருவி, வேதிக் கலவை, தயாரிப்பு முறை போன்ற ஒன்று உங்கள் கையில் இருந்து, அதற்குக் காப்புரிமை வாங்கும் எண்ணமும் இருந்தால், பொதுவில் வைப்பதற்கு முன் விண்ணப்பியுங்கள். நீங்களே வெளியிட்டதும் அது 'புதியது' என்ற தகுதியை இழந்துவிடலாம். அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. இந்தியச் சட்டம் கற்றறிந்தோர் சங்கத்தில் படித்த கட்டுரை போன்ற சில சூழல்களுக்கு மட்டும் பன்னிரண்டு மாதச் சலுகை தருகிறது. இணையத்தில் ஏற்றியதற்கு அந்தச் சலுகையை நம்பி இருக்கக் கூடாது. தற்காலிக விவரணத்தோடு முதலில் விண்ணப்பித்து, பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரணத்தைக் கொடுக்கலாம். சென்னையில் காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது.

கணிதத் தேற்றத்துக்கும் வெறும் கணக்குமுறைக்கும் இந்தியாவில் காப்புரிமை கிடையாது. ஆகவே வங்கிக்காரர் போன்றவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். 'யாராவது திருடிவிடுவார்கள்' என்ற பயத்துக்கு மருந்து, தேதி முத்திரையோடு பொதுவில் வைப்பதுதான்.

இப்போது இடங்கள்

முன்பதிப்புகளை வைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்திலிருந்து தொடங்க வேண்டும். 1991 ஆகஸ்ட்டில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் தொடங்கியது. 2001-ல் அவரோடு கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பெயரின் நடுவில் இருக்கும் X கிரேக்க எழுத்து 'கை', அதனால்தான் அந்த உச்சரிப்பு. இயற்பியல், கணிதம், கணினியியல், புள்ளியியல், பொருளியல் என எட்டுத் துறைகள். பதிவேற்றவும் படிக்கவும் கட்டணம் கிடையாது.

என்னிடம் வருபவர்கள் எல்லாருக்கும் ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் கதை தெரிந்திருக்கிறது. 2002 நவம்பரிலும் 2003-லுமாக மூன்று கட்டுரைகளை ஆர்க்கைவில் போட்டார். எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. பொன்கேரே ஊகம் என்ற பெரிய வடிவியல் புதிர் நிரூபணமாகி முடிந்தது. ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும் பத்து லட்சம் டாலர் பரிசையும் வேண்டாம் என்றார். அதற்கு முன்பே, 1994-ல், வடிவியலில் இன்னொரு பெரிய ஊகத்தை நிரூபித்து அவர் துறைக்குள் பெயர் வாங்கியிருந்தார் என்ற பகுதி மட்டும் கதையில் விட்டுப்போகிறது.

ஆர்க்கைவில் இருக்கும் நெறியாளர்கள் கட்டுரை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ஆய்வுக் கட்டுரை வடிவில் இருக்கிறதா, எந்தப் பிரிவில் சேரும் என்று பார்ப்பார்கள். திருப்பியும் அனுப்புவார்கள், 'பொது இயற்பியல்', 'பொதுக் கணிதம்' என்ற பிரிவுகளுக்கு மாற்றியும் விடுவார்கள். 2025 அக்டோபர் இறுதியில் இன்னொரு கதவும் சாத்தப்பட்டது: கணினியியல் பிரிவில் பிறர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் திறனாய்வுக் கட்டுரையும் கருத்துக் கட்டுரையும் இனி வேறெங்காவது மதிப்பாய்வு முடிந்த பிறகே வரலாம். செயற்கை நுண்ணறிவு எழுதித் தள்ளிய கட்டுரைகளின் வெள்ளம்தான் காரணம். விதிகள் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், ஏற்றும் நாளன்று விதிப்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

புதியவர்களுக்கு உண்மையான தடை பரிந்துரை. 2004-லிருந்து, முதல்முறை ஏற்றுபவருக்கு அந்தப் பிரிவில் ஏற்கெனவே எழுதியிருக்கும் ஒருவர் பரிந்துரை செய்ய வேண்டும். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

உயிரியலுக்கு 2013-ல் தொடங்கிய பயோஆர்க்கைவ். மருத்துவத்துக்கு 2019-ல் தொடங்கிய மெட்ஆர்க்கைவ். தரவும் முறையும் உள்ள முழு ஆய்வோடுதான் அங்கே போக வேண்டும். மருத்துவத்தில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், மருந்துச் சோதனை என்றால் அதன் பதிவு எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று பேருக்குக் கஷாயம் கொடுத்துப் பார்த்த அனுபவத்துக்கு அங்கே இடமில்லை. வேதியியலுக்கு கெம்ஆர்க்கைவ், உளவியலுக்கு சைஆர்க்கைவ், சமூக அறிவியலுக்கு எஸ்.எஸ்.ஆர்.என். என்று துறைக்கொன்று இருக்கிறது.

எந்த நிறுவனமும், எந்தப் பரிந்துரையும் இல்லாதவருக்கு என் முதல் பரிந்துரை ஜெனோடோ. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் 2013-லிருந்து நடத்துகிறது. கட்டுரை மட்டுமல்ல, தரவு, நிரல், படம் எதையும் வைக்கலாம். ஒரு பதிவுக்கு 50 ஜி.பி. வரை. ஏற்றியவுடன் டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண் கிடைக்கும். மேற்கோள் காட்ட அது போதும். திருத்திய வடிவங்களை அடுத்தடுத்து சேர்க்கலாம். தமிழில் எழுதியதையும் வைக்கலாம். கூடவே 'ஓர்கிட்' என்ற பதினாறு இலக்க ஆய்வாளர் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். இலவசம், வேலை செய்யும் நிறுவனம் எதுவும் தேவையில்லை. குமார் என்ற பெயரில் எத்தனை ஆய்வாளர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

ஆனால் ஜெனோடோவில் வைப்பது பத்திரத்தைப் பதிவு செய்வது மாதிரி. இந்தத் தேதியில் இந்த ஆள் இதைச் சொன்னார் என்பதற்குச் சாட்சி. யாரும் தேடி வந்து படிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

விக்ஸ்ரா (viXra) என்றும் ஒன்று உண்டு. ஆர்க்கைவின் எழுத்துகளைத் திருப்பிப் போட்ட பெயர். 2009-ல் ஃபிலிப் கிப்ஸ் என்பவர், கதவடைக்கப்பட்டவர்களுக்காகத் தொடங்கியது. அநேகமாக எல்லாவற்றையும் ஏற்கும். நல்ல கட்டுரையும் அங்கே இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததுமே துறையினர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அதே கட்டுரையை ஜெனோடோவில் வைத்தால் அந்த முன்முடிவு ஒட்டுவதில்லை. எனவே நான் யாரையும் அங்கே அனுப்புவதில்லை.

பரிந்துரை கேட்டு எழுதுவது

1913 ஜனவரி 16 தேதியிட்டு, சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளத்தில் இருந்த எழுத்தர் ஒருவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களைச் சொல்வதில்லை. 1911-லேயே ராமானுஜன் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் கட்டுரை எழுதிவிட்டார். வாசகர்களுக்குக் கேள்வியும் விட்டிருந்தார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் ஒரு கோவையின் மதிப்பு என்ன என்பது அதில் ஒன்று. மாதங்கள் போயும் யாரும் விடை அனுப்பவில்லை. விடை 3. ஹார்டிக்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற இருவருக்கும் எழுதினார், பலனில்லை. சென்னைப் பொறியியல் கல்லூரியின் கிரிஃபித் மூலமாக லண்டனில் இருந்த ஹில்லுக்கும் அவர் தாள்கள் போயின. ஹில், விரியும் தொடர்களில் சறுக்குகிறார், இன்ன நூலைப் படிக்கச் சொல்லுங்கள் என்று பதில் எழுதினார். ஹார்டி கையில் கிடைத்த கடிதத்திலும் பகா எண்களைப் பற்றிய கூற்று தவறாகத்தான் இருந்தது. ஆனால் மற்ற சூத்திரங்கள் தாளில் அப்படியே இருந்தன, உட்கார்ந்து சரிபார்க்கலாம். ஹார்டியும் அவருடைய சகா லிட்டில்வுட்டும் அதைத்தான் செய்தார்கள்.

நம் காலத்து உதாரணம் இதைவிட நெருக்கமானது. டேவிட் ஸ்மித் இங்கிலாந்தில் அச்சுத் தொழில்நுட்ப வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வடிவங்களை அடுக்கிப் பார்ப்பது பொழுதுபோக்கு. 2022-ல் பதின்மூன்று பக்கமுள்ள, தொப்பி போன்ற ஒரு வடிவம் கணினித் திரையில் அகப்பட்டது. காகிதத்தில் வெட்டி அடுக்கினார். தரை நிரம்பியது, கோலம் மட்டும் திரும்பி வரவில்லை. 'ஒரே ஓடால் தரை முழுதும் பாவ வேண்டும், ஆனால் ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்ப நகர்த்தி வைத்துத் தரையை நிரப்ப முடியக் கூடாது' என்ற பழைய கேள்விக்கு விடையாக இருக்குமோ என்று சந்தேகம். அவர் நூறு பேராசிரியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பவில்லை. இதே விஷயத்தில் வேலை செய்யும் கனடாக் கணினியியலாளர் கிரெய்க் கேப்ளனுக்கு எழுதினார். இன்னும் இருவர் சேர்ந்தார்கள். 2023 மார்ச்சில் நால்வர் பெயரோடு ஆர்க்கைவில் கட்டுரை வந்தது, ஸ்மித் பெயர் முதலில். மதிப்பாய்வு முடிந்து இதழில் வந்தது 2024-ல்.

உங்கள் கடிதம் ஐந்தாறு வரிக்கு மேல் போகக் கூடாது. உங்கள் கட்டுரை மேற்கோள் காட்டும் ஆட்களில் ஒருவரையே தேர்ந்தெடுங்கள். ஆர்க்கைவில் ஒவ்வொரு கட்டுரைப் பக்கத்தின் அடியிலும் அதன் ஆசிரியர்களில் யார் பரிந்துரைக்கலாம் என்று காட்டும் இணைப்பு இருக்கிறது. இந்த மாதிரி எழுதலாம்: "உங்கள் 2019 கட்டுரையின் மூன்றாவது துணைத்தேற்றத்தை ஒற்றை எண்களுக்கும் நீட்டியிருக்கிறேன். கூற்று இது. நிரூபணம் நான்கு பக்கம், இணைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தின் சமனிலி இறுக்கமானதா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நான் எந்த நிறுவனத்தையும் சேர்ந்தவன் அல்லன். ஆர்க்கைவில் ஏற்றப் பரிந்துரைக்க இயலுமா?" சந்தேகத்தை நீங்களே சொல்வது கடிதத்தின் மதிப்பைக் கூட்டும். படிப்பவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரிகிறது. எழுதியவர் சொந்தக் கருத்தோடு சண்டை போட்டுப் பார்த்தவர் என்பதும் தெரிகிறது. பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்குமேல் விட்டுவிடுங்கள்; வேறொருவருக்கு எழுதுங்கள்.

பணம் கேட்டால்

'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே' என்று தொடங்கி, மூன்று நாளில் வெளியிடுகிறோம், சான்றிதழும் உண்டு என்று ஒரு இதழிலிருந்து மின்னஞ்சல் வரும். பல வருடங்களுக்கு முன் நானே ஒரு தடவை நான்காயிரம் ரூபாய் கட்டினேன். மதிப்பாய்வாளர் கருத்து என்று 'மிக நன்று' என ஒரு வரி வந்தது. கட்டுரையில் ஐந்தாம் சமன்பாட்டில் நான் செய்திருந்த கூட்டல் கழித்தல் குறிப்பிழை அப்படியே அச்சேறியிருந்தது. ஒருவராவது படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். ஒரு வருடம் கழித்து அந்த இணையதளமே இல்லை. கட்டணம் வாங்கும் நல்ல இதழ்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே முதலில் மதிப்பாய்வு, அதன் பிறகே பணம். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் தாங்கள் அதில் இருப்பதைத் தங்கள் பக்கத்திலும் குறிப்பிட்டிருப்பார்கள்.

முன்பதிப்பாக வந்த கட்டுரையை இதழ்கள் ஏற்குமா என்று கேட்கிறார்கள். இன்று பெரும்பாலானவை ஏற்கின்றன. அனுப்புவதற்கு முன் அந்த இதழின் விதியைப் பாருங்கள்.

வைத்த பிறகு

ஆர்க்கைவில் அறிவிக்கப்பட்ட கட்டுரையை அழிக்க முடியாது. திரும்பப் பெறலாம்; பழைய வடிவம் அங்கேயேதான் இருக்கும். ஆகவே கோபத்தில் எழுதிய முன்னுரையோடு ஏற்றாதீர்கள்.

பிழை வெளிப்பட்டால் என்ன செய்வது என்பதற்கு மூன்று கதைகள். 2011 செப்டம்பரில் ஓபரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழு, நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவிநாடி முன்னால் வந்து சேர்ந்ததாகத் தங்கள் அளவீடு காட்டுகிறது, எங்களுக்குக் காரணம் தெரியவில்லை, பாருங்கள் என்று பொதுவில் வைத்தது. சில மாதங்களில் அவர்களே கண்டுபிடித்தார்கள்: ஓர் ஒளியிழைக் கம்பி சரியாகச் செருகப்படவில்லை. 2020 ஜனவரி 31-ல் டெல்லி ஆய்வாளர்கள் புதிய கொரோனா வைரஸின் புரதத்தில் எச்.ஐ.வி.யோடு ஒத்த துண்டுகள் இருப்பதாக பயோஆர்க்கைவில் போட்டார்கள். அவ்வளவு சிறிய துண்டுகள் எத்தனையோ உயிரிகளில் இருக்கின்றன என்று உடனே விமர்சனம் குவிந்தது; இரண்டே நாளில் அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் சதிக் கதைகள் உலகம் சுற்றிவிட்டன. 2023 ஜூலையில் கொரியாவிலிருந்து, அறை வெப்பநிலையிலேயே மின்சாரத்தைத் தடையில்லாமல் கடத்தும் மீக்கடத்தி என்று எல்.கே.-99 என்ற பொருள் வந்தது. டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பலர் தாங்களே செய்து பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஆகஸ்ட் நடுவிலேயே தாமிர சல்பைடு என்ற மாசுதான் ஆட்டம் காட்டியது என்று தெரிந்துவிட்டது.

மூன்றும் தவறுதான். ஆனால் ஓபரா குழுவின் கட்டுரையில் 'எங்களுக்குப் புரியவில்லை' என்பது எழுதப்பட்டிருந்தது. முன்பதிப்பை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதற்கு முன்பும், செய்தித்தாள் நண்பரைக் கூப்பிடுவதற்கு முன்பும் டெல்லிக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். நோய், மருந்து சம்பந்தப்பட்டதென்றால் மதிப்பாய்வு முடியும்வரை பொதுமக்களிடம் கொண்டுபோகவே வேண்டாம்.

வங்கிக்காரர் நாற்பத்தேழு பக்கத்தையும் அலமாரியில் வைத்துவிட்டார். ஒரு மாதம் சத்தமில்லை. பிறகு, சாப்பாட்டு மேசையில் பார்த்த அந்தக் கழித்தல் விதியிலேயே ஒரு கணக்கு போட ஆரம்பித்திருந்தார்: சுழலில் சிக்கும் எண்களை ஒரு குறிப்பிட்ட முறையில் எண்ணி வந்த தொடர். கலைக்களஞ்சியத்தில் தேடினோம், இல்லை. அங்கே தொடரை அனுப்ப யாருடைய பரிந்துரையும் வேண்டாம், பதிவு செய்துகொண்டால் போதும். அனுப்பினால் தன்னார்வ ஆசிரியர்கள் ஒவ்வொரு உறுப்பையும் துருவிக் கேள்வி கேட்பார்கள். ஏழாவது உறுப்பு தவறு என்று வந்தது, திருத்தினார். வரையறையைச் சுருக்கச் சொன்னார்கள், சுருக்கினார். போன வாரம் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"சார், தொடர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா, ஒன்றிலிருந்தா என்று கேட்கிறார்கள். நாம் என்ன சொல்வது?"